பெங்களூரு நெரிசலுக்கு எந்த ஹைப்ரிட்: ஹைரைடரா, சிட்டியா?

வாசகர் கேள்வி, 4 அக்டோபர் 2025

ராமமூர்த்தி நகரில் குடியிருக்கிறேன். அலுவலகம் எலக்ட்ரானிக் சிட்டியில். வாரம் மூன்று நாள் போக வேண்டும், போக வர ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டும். சொந்த ஊர் சேலம், மாதம் ஒருமுறையாவது போய் வருவோம். அப்பாவுக்கு மூட்டு வலி. டொயோட்டா ஹைரைடர் ஹைப்ரிட் (பெட்ரோல் என்ஜினோடு மின் மோட்டாரும் உள்ள வண்டி) லிட்டருக்கு 27.97 கி.மீ. தருகிறது, ஹோண்டா சிட்டி ஹைப்ரிட் அறிமுகமானபோது சொன்னது 26.5 கி.மீ.தான். ஆகவே ஹைரைடர்தான் சிறந்தது என்பது என் கணிப்பு. இதில் தவறு இருக்கிறதா?

5 அக்டோபர், காலை

முடிவு சரியாக இருக்கலாம். ஆனால் அதற்குச் சொல்லும் காரணம் சரியல்ல. ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், 27.97-க்கும் 26.5-க்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு 24 லிட்டர் பெட்ரோல். இங்கே லிட்டர் 103 ரூபாய் என்று கணக்கிட்டால் மாதம் இருநூறு ரூபாய். பதினைந்து லட்சத்துக்கு மேல் போகிற ஒரு முடிவை அந்த இருநூறு ரூபாய் தீர்மானிக்கக் கூடாது.

மேலும், அந்த எண்கள் சாலையில் எடுத்தவை அல்ல. சோதனைக் கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, வகுத்து வைத்த வேகத்தில், ஏ.சி. போடாமல், அதிகபட்சம் மணிக்கு 90 கி.மீ. வரை ஓட்டி எடுத்தவை. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட அவை உதவும். மாலை ஆறரை மணிக்கு சில்க் போர்டு சந்திப்பில் உங்கள் வண்டி என்ன தரும் என்பதை அவை சொல்லா.

என்னிடம் இருப்பது 2023 பிப்ரவரியில் வாங்கிய ஹைரைடர் ஹைப்ரிட். இதுவரை 41,000 கி.மீ. ஓடியிருக்கிறது. டேங்க் நிரப்பி, மறுபடி நிரப்பி, கையால் எழுதி வைத்த கணக்குப்படி நகரத்துக்குள் 21 முதல் 23 வரை கிடைக்கிறது. 27.97 எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. அதற்காக நான் வருந்தியதும் இல்லை.

5 அக்டோபர், இரவு

காலையில் எழுதாமல் விட்ட ஒன்று மிக முக்கியமானது. ஷோரூமில் 'ஹைப்ரிட்' என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு பொருள்களை விற்கிறார்கள். ஹைரைடரிலும், அதன் இரட்டையான மாருதி கிராண்ட் விட்டாராவிலும், மைல்டு ஹைப்ரிட் உண்டு, ஸ்ட்ராங் ஹைப்ரிட் உண்டு. மைல்டு வகையில் சிறிய மோட்டார் ஒன்று என்ஜினுக்குக் கைகொடுக்கும், சிக்னலில் அணைந்த என்ஜினை மறுபடி எழுப்பும். அந்த மோட்டாரால் மட்டும் வண்டி ஓர் அடிகூட நகராது. ஸ்ட்ராங் வகையில் என்ஜின் அணைந்திருக்கும்போதே வண்டி ஓடும். நெரிசலில் பெட்ரோல் மிச்சமாவது இதனால்தான்.

நான் வாங்கப் போனபோது ஒரு ஷோரூமில் (எது என்பது வேண்டாம்) எழுதிக் கொடுத்த கொட்டேஷனில் வெறும் 'ஹைப்ரிட்' என்றிருந்தது. விலை எதிர்பார்த்ததைவிட இரண்டு லட்சத்துக்கு மேல் குறைவாக இருந்ததைப் பார்த்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். மறுநாள் காலை என் மனைவிதான் அந்தத் தாளைத் திரும்ப எடுத்துப் படித்து, 'ஐந்து கியர் மேனுவல் என்று போட்டிருக்கிறதே' என்று கேட்டாள். ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் மேனுவல் கியரே கிடையாது. முன்பணம் கட்டியிருந்தால் எங்கள் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். கொட்டேஷனில் வேரியன்ட்டின் முழுப் பெயரையும் எழுதி வாங்குங்கள்.

11 அக்டோபர்

கூடுதல் பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்று கேட்டிருக்கிறீர்கள். மைல்டு ஆட்டோமேட்டிக்குக்கும் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டரை லட்சம் என்று கொள்வோம். ஆண்டுக்கு 12,000 கி.மீ.யில் மைல்டு வகை லிட்டருக்கு 11, ஸ்ட்ராங் வகை 21 தரும் என்றால், முதலாவது 1,091 லிட்டரும் இரண்டாவது 571 லிட்டரும் குடிக்கும். மிச்சம் 520 லிட்டர், அதாவது ஆண்டுக்கு 53,500 ரூபாய். ஐந்து ஆண்டு நிறைவதற்குள் பணம் திரும்பிவிடும்.

12 அக்டோபர்

நேற்றைய கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன.

ஒன்று, சாலை வரியை மறந்துவிட்டேன். கர்நாடகத்தில் பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையுள்ள வண்டிக்கு ஆயுள் வரி 17 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். இரண்டரை லட்சம் கூடுதல் விலை என்றால் அதற்கும் வரி உண்டு. காப்பீடும் சற்றே ஏறும். ஆன்ரோடில் அது 2.9 லட்சத்தை ஒட்டி வந்து நிற்கும்.

இரண்டு, 12,000 கிலோமீட்டரும் நகர நெரிசல் என்று எழுதிவிட்டேன். நீங்கள் மாதாமாதம் சேலம் போகிறவர். அதில் 4,000 கி.மீ. நெடுஞ்சாலை. அங்கே மைல்டு வகையே 16 தந்துவிடும், ஸ்ட்ராங் வகை 20 தரும். மிச்சம் வெறும் 50 லிட்டர். நகரத்தின் 8,000 கி.மீ.யில் 11-க்கு எதிராக 22 என்று தாராளமாகவே வைத்தாலும் மிச்சம் 363 லிட்டர். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 42,500 ரூபாய். ஐந்து ஆண்டு என்றது ஏழு ஆண்டை நெருங்கிவிட்டது.

ஆகவே உங்கள் கிலோமீட்டர் எந்தச் சாலையில் கழிகிறது என்பதை முதலில் எழுதிப் பாருங்கள். அதைச் செய்யாமல் எந்த இரண்டு வண்டியையும் ஒப்பிட முடியாது. மாதம் நான்கு முறை ஓசூரைத் தாண்டுகிறவருக்கும், வாரம் முழுவதும் அவுட்டர் ரிங் ரோட்டில் நிற்கிறவருக்கும் விடை ஒன்றாக இருக்க வழியில்லை.

மத்திய வரியைப் பற்றியும் ஒரு சொல். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது இந்த அளவு ஹைப்ரிட்களுக்கு 28 சதவீதமும் அதன்மேல் 15 சதவீதம் செஸ்ஸுமாக 43 சதவீதம் விதித்தார்கள். போன மாதம் 22-ஆம் தேதி முதல் அது 40 சதவீதம். நான்கு மீட்டரைத் தாண்டிய சாதாரண பெட்ரோல் வண்டிக்கும் அதே 40தான். மின்சார வண்டிக்கு 5. எரிபொருளைப் பாதியாகக் குறைக்கிற வண்டிக்கும் குறைக்காத வண்டிக்கும் ஒரே வரி என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. உத்தரப் பிரதேசத்தில் 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைப்ரிட்களுக்குப் பதிவு வரியை நீக்கினார்கள். இங்கே அந்தச் சலுகை இல்லை.

18 அக்டோபர், சேலத்திலிருந்து

தீபாவளிக்கு வந்திருக்கிறோம். டிக்கியைப் பற்றி எழுத இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. ஹைரைடர் மைல்டு வகையில் டிக்கி 373 லிட்டர். ஸ்ட்ராங் வகையில் பேட்டரி அதன் தரைக்கு அடியில் உட்கார்ந்துகொள்வதால் 265 லிட்டர். இந்த எண் கண்ணுக்குச் சிறிய வித்தியாசமாகத்தான் தெரியும். ஒரு பெரிய சூட்கேஸைப் படுக்க வைத்து, பக்கத்தில் பட்டாசுப் பெட்டியையும் பலகாரத் தூக்கையும் வைத்தபின், என் மகளின் பள்ளிப் பையை அவள் காலடியில்தான் வைக்க முடிந்தது. தரை மேடாக இருப்பதால் பையைத் தூக்கி ஏற்ற வேண்டும். திரும்பும்போது 26 கிலோ அரிசிச் சிப்பமும் ஒரு டின் எண்ணெயும் வரும். சூட்கேஸ் பின்னிருக்கைக்குப் போகும்.

சிட்டியிலும் இதே கதைதான். பெட்ரோல் சிட்டியின் டிக்கி 506 லிட்டர், ஹைப்ரிட்டில் 306. ஹைரைடரைவிட நாற்பது லிட்டர் கூடுதல் என்றாலும், செடான் என்பதால் கூரை வரை அடுக்க முடியாது.

இன்னொன்று: வரும்போது மீட்டர் 24.6 காட்டியது. நெடுஞ்சாலையில் 20தான் என்று எழுதியிருந்தேன், அதைத் திருத்திக்கொள்கிறேன்.

22 அக்டோபர், இரவு

திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறேன். இன்று பெங்களூரு திரும்பியபோது அதே வண்டி, அதே நால்வர், அதே வேகம், மீட்டர் 19.2. அத்திப்பள்ளிக்கு முன்னால் விடுமுறை முடிந்து திரும்பும் கூட்டத்தில் ஊர்ந்தது ஒரு காரணம். முதன்மையான காரணம் வேறு.

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் ஏறத்தாழ 280. போகும்போது அறுநூறு மீட்டருக்கு மேல் இறங்குகிறோம், வரும்போது அத்தனையும் ஏறுகிறோம். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் கிட்டத்தட்ட 2.8 யூனிட் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒன்பது யூனிட் அளவுக்கு ஆற்றல் இருந்தாலும், நல்ல ஹைப்ரிட் என்ஜின்கூட அதில் நாற்பது சதவீதத்தைத்தான் வேலையாக மாற்றும். முக்கால் லிட்டருக்கு மேல் அந்த ஏற்றத்துக்கே போய்விடுகிறது. போகவர நானூறு கிலோமீட்டரையும் சேர்த்துப் பார்த்தால் 21.6 வருகிறது. ஒருவழிப் பயணத்தை வைத்து யாராவது மைலேஜ் சொன்னால், எந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

தொப்பூர்க் கணவாயையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பேட்டரியை நிரப்பும் என்பது உண்மை. ஆனால் ஹைரைடரின் பேட்டரி வெறும் 0.76 யூனிட். வீட்டில் மாவாட்டும் 150 வாட் கிரைண்டரை ஐந்து மணி நேரம் ஓட்டக்கூடிய அளவு, அவ்வளவுதான். காலியாக இருந்தாலும் சில நூறு மீட்டர் உயரம் இறங்குவதற்குள் நிறைந்துவிடும். அது ஒருபோதும் காலியாக இருப்பதும் இல்லை. நிறைந்த பின் என்ஜின் உறுமத் தொடங்கும். முதன்முறை அந்தச் சத்தத்தைக் கேட்டு என் அம்மா பயந்து முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டார். பேட்டரியில் இடமில்லாதபோது என்ஜினைச் சுழற்றி அதன் தடையால் வேகத்தைக் கட்டுகிறது என்று தெரிந்தபின் பயமில்லை. லாரிகள் பிரேக் பிடிக்காமல் உருண்டு விபத்தாகும் அந்த இறக்கத்தில் கியரை 'B' நிலையில் (என்ஜின் தடையைக் கூட்டும் நிலை, வண்டியை நிறுத்தும்போது போடும் 'P' அல்ல) போட்டுவிட்டுத்தான் இறங்குகிறேன். காலால் மிதிக்கும் பிரேக் சூடேறாமல் இருக்கும்.

2 நவம்பர்

இரண்டு வண்டிகளின் உள்ளமைப்பும் வேறு, ஓட்டும்போது அது தெரியும்.

டொயோட்டாவின் முறையில் கிரகச் சக்கரத் தொகுதி (நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் சுழலும் அமைப்பு) ஒன்று என்ஜினையும் இரண்டு மோட்டார்களையும் ஒன்றாகக் கோத்திருக்கிறது. 1997-இல் ஜப்பானில் வந்த முதல் பிரியஸ் காரிலிருந்து அடிப்படை அதுவே. என்ஜினின் வலுவில் ஒரு பகுதி நேராகச் சக்கரத்துக்கும், மறுபகுதி மின்சாரமாகி மோட்டார் வழியாகச் சக்கரத்துக்கும் போகும். ஹைரைடரில் மூன்று சிலிண்டர் 1.5 லிட்டர் என்ஜினும் 80 குதிரைத்திறன் மோட்டாரும் சேர்ந்து 116 தருகின்றன. சிட்டியிலோ நகர வேகத்தில் சக்கரத்தைச் சுழற்றுவது பெரும்பாலும் 109 குதிரைத்திறன் மோட்டார்தான். நான்கு சிலிண்டர் என்ஜின் பின்னாலிருந்து மின்சாரம் தயாரித்துக் கொடுக்கும். நெடுஞ்சாலை வேகம் வந்ததும் ஒரு கிளட்ச் இறுகி என்ஜின் நேராகச் சக்கரத்தோடு இணையும். மொத்தம் 126 குதிரைத்திறன். ஓட்டும் சுகத்தை மட்டும் கேட்டால் சிட்டிக்கே என் ஓட்டு: மிதித்ததும் கேட்கும், திருப்பத்தில் தரையோடு ஒட்டி நிற்கும். இதை ஹைரைடர் வைத்திருக்கும் நானே சொல்கிறேன்.

அப்படியிருக்க நான் ஏன் அதை வாங்கவில்லை என்றால், அம்மா. இரண்டு வண்டிகளையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்தோம். சிட்டியில் அவர் முதலில் குனிந்து தலையை நுழைத்தார், பிறகு இருக்கையில் சற்றே விழுவது போல் உட்கார்ந்தார். இறங்கும்போது ஒரு கையால் கதவின் மேல்விளிம்பையும் மறுகையால் என் தோளையும் பிடித்து எழ வேண்டியிருந்தது. 'நல்லா இருக்குப்பா' என்றுதான் சொன்னார். ஆனால் அந்தக் கை என் தோளை விடவில்லை. ஹைரைடரில் இருக்கை அவர் இடுப்பு உயரத்துக்கே இருந்ததால் திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொண்டார். அன்றைக்கே முடிவாகிவிட்டது. அப்பாவுக்கு மூட்டு வலி என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. முதல் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும்.

9 நவம்பர்

சிலர் கேட்டவற்றுக்குச் சுருக்கமாக.

கிராண்ட் விட்டாராவா, ஹைரைடரா என்பதில் நேரம் செலவழிக்க வேண்டாம். 2022-இல் இரண்டுமே நம் மைசூரு சாலையில் பிடதித் தொழிற்சாலையிலிருந்துதான் புறப்பட்டன. ஹைப்ரிட் அமைப்பும் ஒன்றே. வீட்டுக்கு அருகில் எந்த சர்வீஸ் இருக்கிறது, யார் சீக்கிரம் வண்டி தருகிறார்கள் என்று பாருங்கள். இன்னோவா ஹைகிராஸும் மாருதி இன்விக்டோவும் அதே உறவுதான். ஏழு பேர் கொண்ட குடும்பத்துக்கு அவற்றுக்கு ஈடில்லை; நான்கு பேருக்கு வேண்டியதில்லை. செப்டம்பரில் வந்த மாருதி விக்டோரிஸின் ஹைப்ரிட் 28.65 என்கிறது. நான் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை, ஆகவே அதைப் பற்றி எழுத மாட்டேன்.

பேட்டரி போய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சத்துக்கு: டொயோட்டாவும் ஹோண்டாவும் ஹைப்ரிட் பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் தருகின்றன, எது முந்துகிறதோ அதுவரை.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால் மைலேஜ் குறைகிறதா என்றால், எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலவையில் அது ஆறேழு சதவீதமாக வெளிப்படலாம். இது எல்லா வண்டிக்கும் பொது, ஒப்பீட்டை மாற்றாது.

16 நவம்பர்

பெரிய பேட்டரிக்கு அஞ்சுகிறவர்கள் சிறியதை மறந்துவிடுகிறார்கள். ஹைப்ரிட் வண்டியிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. பூட்டைத் திறப்பது, திரையை எழுப்புவது, பெரிய பேட்டரியை அமைப்போடு இணைப்பது எல்லாம் அதன் வேலை. அது இறந்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி எழாது. என் மைத்துனர் தம் ஹைப்ரிட்டை (எந்த நிறுவனம் என்பது இங்கே பொருட்டல்ல) அல்சூர் வீட்டில் ஐந்து வாரம் நிறுத்திவிட்டுத் திருநெல்வேலி போயிருந்தார். திரும்பி வந்து ரயில் நிலையத்துக்கு யாரையோ அழைத்து வரக் கிளம்பியபோது கதவே ரிமோட்டில் திறக்கவில்லை. சாவியின் உள்ளே ஒளிந்திருக்கும் சிறு இரும்புச் சாவியால் திறந்து, பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து கேபிள் போட்டு எழுப்பினோம். ஊருக்குப் போகிறவர்கள் வாரம் ஒருமுறை யாரையாவது வண்டியை 'ரெடி' நிலையில் (ஸ்டார்ட் செய்து, ஓடத் தயாராக) அரை மணி நேரம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

23 நவம்பர்

மின்சார வண்டியே வாங்கிவிடலாமே என்று ஒருவர் கடிந்திருக்கிறார். சொந்த நிறுத்துமிடத்தில் சார்ஜர் வைக்க முடிந்தவர், நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவர் என்றால் அவர் சொல்வது சரி. ஹைப்ரிட்டுக்கு அங்கே வேலையில்லை. எங்கள் அடுக்ககத்தில் நிறுத்துமிடத்துக்குத் தனி மீட்டர் இழுக்க இரண்டு ஆண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அது கிடைத்திருந்தால் இந்தக் குறிப்புகளை நான் வேறு விதமாக எழுதியிருப்பேன்.

30 நவம்பர்

ஏழு ஆண்டுக் கணக்கைப் பார்த்துவிட்டு, 'அப்படியானால் மைல்டே போதும் போலிருக்கிறதே' என்று கேட்கிறீர்கள். பணம் மட்டுமே அளவு என்றால் போதும். ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது, மூன்று ஆண்டாகத் தினமும் அதை அனுபவிக்கிறேன்.

போன வியாழன் மாலை மழை. இப்ளூரிலிருந்து சில்க் போர்டு வரை நாற்பத்தைந்து நிமிடம். வண்டி பத்தடி நகரும், நிற்கும், மறுபடி பத்தடி நகரும். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, பெரும்பாலான நேரம் என்ஜினும் இல்லை. ஏ.சி.யின் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் என்ஜின் அணைந்தபின்னும் காற்று குளிர்ந்தே வந்தது. அவ்வப்போது என்ஜின் எழுந்து இரண்டொரு நிமிடம் பேட்டரியை நிரப்பிவிட்டு அடங்கும். அது அடங்கிய இடைவெளியில் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டது. பழைய வண்டியில் இதே தூரத்தைக் கடந்து வீட்டுக்கு வந்தால் இடது முழங்கால் இரவெல்லாம் குடையும். இப்போது குடைவதில்லை. இரண்டே முக்கால் லட்சத்தைத் திரும்பக் கொடுத்து, அந்த நாற்பத்தைந்து நிமிடத்தைப் பழையபடி வாங்கிக்கொள் என்றால் நான் சம்மதிக்க மாட்டேன்.

1 டிசம்பர்

நேற்றைய குறிப்பில் இரண்டே முக்கால் லட்சம் என்றதை 2.9 லட்சம் என்று படிக்கவும். கணக்கில் எழுதியது அதுதான்.

14 டிசம்பர்

சனிக்கிழமை காலை டெஸ்ட் டிரைவுக்கு அழைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் போகாதீர்கள். வாரநாள் மாலை ஆறு மணிக்குக் கேளுங்கள், ரிங் ரோட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். மறுத்தால் இன்னொரு ஷோரூமுக்குப் போங்கள். அப்பாவைப் பின்னிருக்கையில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பாருங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட எதைப் பிடித்து எழுகிறார் என்பதைக் கவனியுங்கள். சேலத்துக்குக் கொண்டுபோகும் சூட்கேஸையும் கையோடு எடுத்துப் போய் டிக்கியில் வைத்து மூடிப் பாருங்கள். சிட்டியில் அவர் சிரமமில்லாமல் உட்கார்ந்து எழுந்தால் சிட்டியை எடுங்கள்; ஓட்டுவதற்கு அதுவே இனிது. இல்லையென்றால் ஹைரைடர்.